கலசத்துக்கு அடியில்

ஒவ்வொரு படிக்கும் அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லி முடிக்காமல் சுப்பராமனால் யாருக்கும் சுண்டல் கொடுக்க முடிந்ததில்லை. மயிலாப்பூரின் அந்தச் சந்துக்குக் கொலு பார்க்க வருகிறவர்கள் பொம்மையைப் பார்த்துவிட்டு, ஒரு பாட்டைப் பாடிவிட்டு, வெற்றிலை பாக்கை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகத்தான் வருகிறார்கள். இவரோ குனிந்து, படிகளை மூடியிருக்கும் வேட்டியின் விளிம்பைத் தூக்கி, மாட்டுத் தரகன் பல்லைப் பிடித்துக் காட்டுகிற மாதிரி உள்ளே இருப்பதைக் காட்டுவார். கீழ்ப்படி இரண்டும் டிரங்குப் பெட்டி. மூன்றாவது, கால் உடைந்த பெஞ்சில் கால் போக மிச்சம். நாலாவதுக்கு முட்டுக் கொடுப்பவை மண்ணெண்ணெய் டின்கள். "வேட்டி போத்தினப்புறம் யாராவது கண்டுபிடிக்க முடியுமோ?" என்று கேட்பார். முடியாது என்று சொன்னால்தான் சுண்டல்.

அந்த வருஷம்தான் மனிதன் நிலாவில் கால் வைத்திருந்தான். சுப்பராமன் சும்மா இருப்பாரா? ஓட்டைச் சல்லடைமேல் சாம்பலைக் குழைத்துப் பூசி நிலா செய்து, டால்டா டப்பாவுக்குக் குடைக்கம்பியில் கால் வைத்து அதில் இறக்கியிருந்தார். இறங்கியவனுக்குக் கை காட்டி வழி சொல்ல ஒரு போக்குவரத்துப் போலீஸ் பொம்மையும் நிறுத்தியிருந்தார்.

வீட்டில் எந்தச் சாமானும் தன் ஆயுளோடு போனதில்லை. அவருடைய வேட்டி கிழிந்தால் துண்டு, துண்டு கிழிந்தால் கரித்துணி, கரித்துணியும் நைந்தால் விளக்குத் திரி. சுவாமிக்கு முன்னால் எரிந்து சாம்பலாகிற வரைக்கும் அதற்கு ஓய்வு கிடையாது. ஃபியூஸ் போன பல்பு சிம்னி விளக்காயிற்று. கிராமபோன் குழாய் அரிசி கொட்டும் புனலாயிற்று. ஆபீசுக்குப் போட்டுக்கொண்டு போன பழைய பேண்ட்டின் இரண்டு காலையும் வெட்டித் தைத்துக் காய்கறிப் பை பண்ணினார். பொத்தான்களையும் பையிலேயே விட்டு வைத்தார், காய் சிந்தாமல் பூட்டிக்கொள்ளலாம் என்று. தெப்பக்குளத்து மார்க்கெட்டில் காய்க்காரிகள் எல்லோரும் பார்க்க அந்தப் பொத்தான்களைப் போட்டு மூடிக்கொண்டு வந்த அவர் மனைவி தர்மாம்பாள், அன்று ராத்திரி சாதம் போடும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நீங்க மார்க்கெட்டுக்கு வரமாட்டேங்கறேள்னு இனிமே நான் குறைப்பட்டுக்க முடியாது."

குழந்தை குட்டி இல்லை. அந்த இடத்தையும் சாமான்களே பிடித்துக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர்களோடு ஒரு அம்மாள் வந்திருந்தாள். பெயர் சுந்தரவல்லி, அடையாறில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியை. படித்தவள், விஷயம் புரிந்துகொள்வாள் என்று சுப்பராமன் உற்சாகத்தோடு ஆறு படியைக் கடந்து ஏழாவதுக்கு வந்தார். மேல்படிதான் விசேஷம். அது ஒரு கதவு. கொல்லைப்புறக் குளியலறையில் ஈரம் தின்று கழற்றிப் போட்டது. இழைத்துப் படுக்கப் போட்டு, அதன்மேல்தான் கலசமும் மரப்பாச்சி தம்பதியும். கதவின் ஒரு முனைக்கு அடியில் மண்ணெண்ணெய் டின், இன்னொரு முனைக்கு பிஸ்கட் டின். இரண்டுக்கும் உயரத்தில் வித்தியாசம் வருமில்லையா, அதைச் சரிக்கட்ட–

"கொஞ்சம் இருங்க சார்," என்றாள் அந்த அம்மாள்.

தர்மாம்பாள் பாட ஆரம்பித்திருந்தாள். வருகிறவர்கள் கூச்சப்பட்டால் வீட்டுக்காரி ஒன்று பாடித் தொடங்கி வைப்பது வழக்கம். சுப்பராமனுக்கு அது பாயசத்தில் முந்திரி மாதிரி. வரும், போகும், தனியாகக் கவனித்ததில்லை. அந்த அம்மாள் கவனித்தாள். முடிந்ததும் இன்னொன்று பாடச் சொன்னாள். அப்புறம் எங்கே கற்றுக்கொண்டது, எத்தனை வருஷம், பரீட்சை ஏதும் கொடுத்ததுண்டா என்று விசாரித்தாள். கும்பகோணத்தில் ஒன்பது வருஷம், மேல் பரீட்சைவரை தேறியிருக்கிறேன் என்று தர்மாம்பாள் சொன்னது சுப்பராமனுக்கே ஓரளவு புதுச் செய்தி. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை காலியாக இருக்கிறது, வியாழக்கிழமை கமிட்டி நாலு பேரைப் பாடச் சொல்லிக் கேட்கிறது, நீங்களும் வாருங்கள் என்றாள் அந்த அம்மாள். வரும்போது சுருதிப்பெட்டியைக் கையோடு கொண்டுவரச் சொன்னாள். "எங்க ஸ்கூல்ல இருக்கறதுல பெட்டி மட்டும்தாம்மா இருக்கு. சுருதி போய் ரொம்ப நாளாச்சு."

தர்மாம்பாள் சுப்பராமனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

கடைசி மனிதர்களும் போன பிறகு, சுண்டல் தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்: "இந்தாத்துல எதுவும் சும்மா கிடக்கப்படாதும்பேளே. அதான் சரின்னுட்டேன்."

கிண்டலா, கோபமா, இல்லை நிஜமாகவே அனுமதி கேட்கிறாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. அவள் முகத்தில் அவர் அதுவரை பார்க்காத ஏதோ ஒன்று இருந்தது. ஆசை என்று சொல்லலாம். அவளுக்கு ஆசை வந்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அவருக்கு முன்னே பின்னே சந்தர்ப்பம் வாய்த்ததில்லை. அவர் தொண்டையைக் கனைத்து, போகலாமே, தாராளமாகப் போகலாமே என்றார். அதற்குள் அவள் ஏணியை இழுத்துப் பரணில் சாத்திக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் சுப்பராமனுக்குச் சுருதிப்பெட்டி எங்கே இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது.

அந்தச் சுருதிப்பெட்டி அவள் அப்பா வாங்கிக் கொடுத்தது. அவள் குரலுக்கென்றே சுருதி சேர்த்து, கல்யாணச் சீரோடு சீராக வந்தது. முதல் வருஷம் தினமும் விடியற்காலையில் அது முனகும். பிறகு துருத்தி கிழிந்துவிட்டது. நான் சரி பண்ணித் தருகிறேன் என்று சுப்பராமன் வாங்கி வைத்தார். பதினோரு வருஷமாகச் சரி பண்ணிக்கொண்டிருக்கிறார். சோம்பேறித்தனம் என்று சொல்ல முடியாது, அவரைப் பார்த்து யாரும் அப்படிச் சொல்லமாட்டார்கள். விஷயம் வேறு. ஒன்றை இன்னொன்றாக ஆக்குவதில்தான் அவருக்கு ருசி. ஒன்றை அதுவாகவே திரும்ப ஆக்குவதில் என்ன சாமர்த்தியம் இருக்கிறது? கிராமபோனில் புனல் அவர் கண்ணுக்குத் தெரிந்தது, பேண்ட்டில் பை தெரிந்தது. சுருதிப்பெட்டியில் சுருதிப்பெட்டிதான் தெரிந்தது. பரணில் போட்டார்.

இந்த வருஷம்தான் அதில் மூன்று அங்குலம் தெரிந்தது.

"அங்க இல்லை, தர்மு," என்றார். ஏணிமேல் அவள் நின்றாள். "கொலுவுல இருக்கு. மேல்படிக்கு அடியில. பிஸ்கட் டின் கொஞ்சம் குள்ளமாப் போச்சு, அதான்..."

"கலசத்துக்கு அடியிலயா?"

"நேர் அடியில."

அவள் ஏணியிலிருந்து இறங்கி, அதை மடித்து, இருந்த இடத்திலேயே கொண்டுபோய்ச் சாத்தினாள். கலசம் வைத்தாகிவிட்டது. விஜயதசமி ராத்திரி மரப்பாச்சியைப் படுக்க வைக்கிறவரை அதை அசைக்கக்கூடாது. அசைத்தால் என்ன ஆகும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. யாரும் அசைத்ததில்லை, அதனால் தெரியவில்லை. கமிட்டி வியாழக்கிழமை, விஜயதசமி அதற்கு அடுத்த வாரம். அவள் மனசுக்குள் அந்தக் கணக்கைப் போட்டு, கழித்து, மிச்சம் ஒன்றும் இல்லை என்று கண்டு, அடுப்படிக்குப் போய்விட்டாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "எனக்கென்ன, இத்தனை வருஷம் இல்லாமலா இருந்தேன். சாப்பிட வாங்கோ."

திட்டியிருந்தால் சுப்பராமன் நன்றாகத் தூங்கியிருப்பார்.

கடன் வாங்கலாம் என்று பார்த்தால், நவராத்திரியில் மயிலாப்பூரில் சுருதிப்பெட்டி கேட்பதும் கோடையில் தண்ணீர்க் குடம் கேட்பதும் ஒன்றுதான். திங்கட்கிழமை காலை இரண்டு தெரு அலைந்து வெறுங்கையோடு வந்தவர், ராகுகாலம் கழியட்டும் என்று காத்திருந்து, மாடியில் குடியிருக்கும் பொன்ராஜைக் கூப்பிட்டார். பொன்ராஜ் நாங்குநேரிப் பக்கத்துப் பையன், கல்யாணமாகாதவன், தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் இருக்கிறான். நாள் முழுக்கப் பட்டுச்சேலைக் கட்டுகளைத் தூக்கித் தூக்கி அவன் தோள் உரல் மாதிரி இருக்கும். திட்டத்தைக் கேட்டுவிட்டு அவன் கொலுவை மேலும் கீழும் பார்த்தான்.

"சார், நீங்க உள்ள போயிருவீங்க. வெளிய வர்றதுக்கு வழி இருக்குல்லா?"

அதைச் சுப்பராமன் யோசிக்கவில்லை.

தர்மாம்பாள் முதலில் ஒப்புக்கொள்ளவே இல்லை. கலசம் ஒரு நூல்கூட அசையாது, கதவைத்தான் மயிரிழை தூக்குவது, அதுவும் ஒரு பக்கம், அதுவும் பெட்டி நகர்கிற அளவுக்கு மட்டும் என்று அவர் சுவரில் கரியால் படம் போட்டு விளக்கினார். அவள் படத்தைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தாள். பிறகு தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து, ஈரக் கொண்டையோடு முக்காலிமேல் ஏறி, கலசத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கதவு அசைந்தால் அசைந்துகொள்ளட்டும். கலசம் என் கையில் இருக்கிறது, அதற்கு ஒன்றும் தெரியாது என்கிற மாதிரி.

சுப்பராமன் சட்டையைக் கழற்றிவிட்டு, பஸ்ஸுக்கு அடியில் போகும் மெக்கானிக் மாதிரி மல்லாந்து படுத்து, பக்கவாட்டில் வேட்டியை விலக்கிக்கொண்டு நுழைந்தார். உள்ளே பழைய சாமான்களின் மணம். துரு, கரப்பான், மண்ணெண்ணெய். பாதி வழியில் பூணூல் பெஞ்சின் ஆணியில் மாட்டிக்கொண்டு அவரைப் பின்னுக்கு இழுத்தது. தன் கைவேலை அத்தனையையும் கீழேயிருந்து அவர் பார்ப்பது அதுவே முதல் தடவை. மேலே பட்டும் பொம்மையும் சந்தனமும். இங்கே டால்டா, பிஸ்கட், யார் யாரோ தூக்கிப்போட்ட பலகை. எல்லாம் முட்டுக் கொடுத்துக்கொண்டு நின்றன. அந்தக் கோடியில், பிஸ்கட் டின்னுக்கும் கதவுக்கும் இடையே, கருங்காலி நிறத்தில் அது நசுங்காமல் உட்கார்ந்திருந்தது. பலகை இடுக்கு வழியே முக்காலியும், அதன்மேல் அவள் கால் விரலும், விரலில் மெட்டியும் தெரிந்தன.

"தூக்கவா சார்?"

"தூக்கு. போதும். போதும்டாப்பா." பெட்டி ஒரு பக்கம் விட்டது. "அசையறதா, தர்மு?"

"இல்லை."

"இப்போ?"

"பேசாம எடுங்கோ. நான் மூச்சு விடலை."

பாட்டுக்காரி. மூச்சை அவளால் நன்றாகவே பிடித்துக்கொள்ள முடியும் என்பது சுப்பராமனுக்கு ஆறுதலாக இருந்தது. பெட்டியை மார்புமேல் இழுத்துப் போட்டுக்கொண்டு, கையோடு கொண்டுபோயிருந்த மாற்றுச் சாமானை அந்த இடத்தில் தள்ளினார். அது கொல்லையில் கிடந்த செங்கல். செங்கல்லின் கனமும் மூன்று அங்குலம்தான். முதலிலேயே அதை வைத்திருக்கலாம். ஆனால் செங்கல்லைச் செங்கல்லாக வைத்தால் கொலு பார்க்க வருகிறவர்களுக்கு என்னத்தைச் சொல்வது? பொன்ராஜ் கதவை இறக்கினான். மேலே ஒரு நீண்ட மூச்சு வெளியே வந்தது. கலசத்துத் தேங்காய்க்கோ மாவிலைக்கோ எந்தச் சேதியும் போகவில்லை. உள்ளே இருந்தவரைத்தான் இரண்டு காலையும் பிடித்து வெளியே இழுக்க வேண்டியிருந்தது. சிலந்தி வலையோடு வந்தார். பொன்ராஜ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கடைக்கு நேரமாச்சு என்று மாடிக்கு ஓடினான்.

மீதியைச் சுப்பராமனால் தனியாகவே செய்ய முடியும். செய்ய முடியும் என்றுதான் நினைத்தார். பெட்டியின் உள்ளே நாக்குகள் நன்றாக இருந்தன, ஊதினால் பேசின. துருத்திதான் அப்பளம் மாதிரி உதிர்ந்தது. பழைய குடைத்துணியை மடித்து ஒட்டிப் பார்த்தார். காற்று நிற்கவில்லை, பெட்டி ஆஸ்துமாக்காரர் போல இழுத்தது. சைக்கிள் டியூபை அறுத்துப் போட்டார். அது மடிய மறுத்தது. அழுத்தினால் எருமை கத்தியது. அவருடைய களஞ்சியத்தில் இருந்த ரெக்ஸின், பழைய செருப்புத் தோல், மருந்துக்கடை ரப்பர் ஷீட் எல்லாம் வரிசையாக வந்து தோற்றுப் போயின. செவ்வாய்க்கிழமை ஆபீசிலிருந்து வந்து மறுபடி உட்கார்ந்தார். தர்மாம்பாள் தன் வேலையைப் பார்த்தாள். வருகிறவர்களுக்குக் குங்குமம் கொடுத்தாள், சுண்டல் கொடுத்தாள். பாடச் சொன்னபோது மட்டும் தொண்டை கட்டியிருக்கிறது என்றாள். தொண்டை கட்டவில்லை என்பது அவருக்குத் தெரியும். காலையில் கொல்லையில் துணி துவைக்கும்போது அவள் மெதுவாக, யாருக்கும் கேட்காதபடி, கீழ் ஸ்தாயியில் எதையோ திரும்பத் திரும்பப் பாடிப் பார்த்ததை அவர் காய வைத்த புடவைக்குப் பின்னால் நின்று கேட்டிருந்தார்.

புதன்கிழமை அவர் கண் சுவரில் தொங்கிய மழைக்கோட்டில் போய் நின்றது.

அந்த வீட்டிலேயே புதியது என்று ஒன்று உண்டென்றால் அதுதான். ஆபீஸ் கூட்டுறவு ஸ்டோரில் அந்த வருஷம் வாங்கியது. உள்ளே ரப்பர் பூசிய துணி, காற்றுக்கூட நுழையாது. நனைந்துவிடுமே என்று இன்னும் ஒருமுறைகூடப் போட்டுக்கொள்ளவில்லை. காலரில் கடைச் சீட்டு அப்படியே இருந்தது. சுப்பராமன் அதை எடுத்து, தடவி, மாட்டி, மறுபடி எடுத்தார். கத்தரிக்கோல் பிடித்த கை கோட்டை நெருங்கி நெருங்கித் திரும்பியது. எத்தனையோ வெட்டிய கைதான். ஆனால் அவை எல்லாம் ஏற்கெனவே செத்தவை. உயிரோடு இருப்பதை வெட்டி அவருக்குப் பழக்கமில்லை. வலது கையைத் தோளோடு வெட்டினார். அதற்கப்புறம் வேலை வழுக்கிக்கொண்டு போயிற்று. விசிறி மடிப்பாக மடித்து, பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனைத் தடவி, ஓரத்துக்கு அட்டை வைத்து, சின்னச் சின்ன ஆணியாக அடித்தார். காய்ந்ததும் மெதுவாக அழுத்தினார்.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

தர்மாம்பாள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். பெட்டியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் கை துருத்திமேல் போன விதமே வேறாக இருந்தது. அவர் அதை இயந்திரமாகத்தான் அழுத்தியிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். மழைக்கோட்டு ஒரு கையோடு சுவரில் தொங்கியதை அவள் பார்த்தாளோ இல்லையோ.

"முன்னைக்குச் சுருதி ஒரு பொட்டு இறங்கியிருக்கு," என்றாள்.

சுப்பராமனுக்கு முகம் செத்துவிட்டது. நாக்கைச் சுரண்டினால் ஏறுமா, திருகினால் ஏறுமா என்று ஆரம்பித்தார்.

"வேண்டாம், விடுங்கோ. நானும்தான் இறங்கியிருக்கேன். ரெண்டு பேருமா சேர்ந்துதானே இறங்கியிருக்கோம், சரியாப் போயிடும்."

வியாழக்கிழமை அடையாறில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே வானம் கவிழ்ந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் மற்ற மூன்று பேரும் முன்னாலேயே வந்து தாழ்வாரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் சின்ன வயசு. ஒருத்தியிடம் பளபளவென்று புதுப்பெட்டி இருந்தது. தர்மாம்பாளின் பெட்டியை அவர்கள் பார்த்தார்கள், பார்க்காத மாதிரி இருந்தார்கள். ஆண்கள் தாழ்வாரத்தில் நிற்கக்கூடாது என்று சுப்பராமனை வெளியே அனுப்பிவிட்டார்கள். போகும்போது அவர், சொல்யூஷன் இன்னும் முழுக்கக் காயவில்லை, ரொம்ப இழுத்து அழுத்தாதே என்று சொல்ல நினைத்துத் திரும்பினார். அவள் பெட்டியை மடியில் வைத்து, கண்ணை மூடி, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். சொல்லாமலே வந்துவிட்டார்.

முற்றத்து வேப்பமரத்தடியில் நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. கையில் மடித்து வைத்திருந்த கோட்டை மாட்டிக்கொண்டார். இடது கை காய்ந்தது. வலது கையில் தோள்பட்டையிலிருந்து மழை நேராக இறங்கி விரல் நுனியில் சொட்டியது. பள்ளிக்கூடத்துப் பியூன் துரைராஜ் பக்கத்தில் கீற்றுச் சார்ப்பில் ஒதுங்கி நின்றான். அவனுக்கு முன்னால் மணி தொங்கியது. மணியென்றால் ஒரு முழ நீளத் தண்டவாளத் துண்டு, சங்கிலியில் கட்டியது. அவன் சுப்பராமனைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இன்னா சார், கோட்டுக்கு ஒரு கை எங்க போச்சு?"

"உள்ள போயிருக்கு," என்றார் சுப்பராமன்.

துரைராஜ் மணிப்பக்கம் திரும்பிக்கொண்டான். மழைக்கு வந்து நிற்கிற ஆளிடம் ரொம்பப் பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது என்று நினைத்திருக்கலாம்.

முதலில் யாரோ பாடினார்கள், புதுப்பெட்டிக்காரியாக இருக்கும். கணீரென்று இருந்தது. அப்புறம் இன்னொருத்தி. அப்புறம் கொஞ்ச நேரம் மழை மட்டும். பிறகு அந்த முனகல் கிளம்பியது. சுப்பராமன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். எங்கேயாவது புஸ்ஸென்று ஒரு சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டினார். ஒரு இடத்தில் லேசாகத் தடுமாறுகிற மாதிரி இருந்தது. அவர் கை தானாகக் காற்றில் அழுத்தியது. சரியாயிற்று. அதன்மேல் அவள் குரல் வந்து உட்கார்ந்தது. கொலுவில் பாடுகிற பாட்டு இல்லை அது. அவர் கேட்டே இராதது. மெதுவாக, அவசரமில்லாமல், கீழேயே சுற்றிச் சுற்றி நடந்து, எப்போது ஏறியது என்று தெரியாமல் மேலே ஏறி நின்றது. இதை இவள் எங்கே வைத்திருந்தாள் என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். இத்தனை சின்ன வீட்டில்.

மழையில் கையைத் துடைத்துக்கொள்ளவேண்டும் என்றுகூடத் தோன்றாமல் அவர் நின்றார். பிறகுதான் பக்கத்தில் பார்த்தார். பீரியட் முடிகிற நேரம் வந்திருக்கவேண்டும். வகுப்புகளில் நோட்டை மூடுகிற சத்தம், பெஞ்சு நகர்கிற சத்தம். துரைராஜ் சார்ப்பைவிட்டு ஒரு அடி முன்னால் வந்து, மரச் சுத்தியலைத் தலைக்கு மேல் ஓங்கி, அப்படியே நின்றிருந்தான். பாட்டு இன்னும் வந்துகொண்டிருந்த தாழ்வாரத்துக் கதவைப் பார்த்தான். மழை அவன் சுத்தியலிலிருந்து முழங்கை வழியாகச் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் கையை இறக்கவும் இல்லை, அடிக்கவும் இல்லை.